வீடியோ எடிட்டரின் டைம்லைனில் மட்டும் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் நல்ல துப்பு. போனில் எடுத்த 4கே வீடியோ விஎல்சி பிளேயரில் திறந்தால் சீராக ஓடுகிறது, அதையே எடிட்டரில் போட்டால் திக்குகிறது, கணினியில் 16 ஜிபி ராம் இருக்கிறது என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள்.

நானும் இதே இடத்தில் நின்றவன்தான். அப்போது என்னிடம் 8 ஜிபி ராம். அதுதான் போதவில்லை என்று நானாக முடிவு கட்டி, இன்னும் 8 ஜிபி வாங்கிப் போட்டேன். பிரௌசரையும் எடிட்டரையும் ஒன்றாகத் திறந்தால் கணினி திணறுவது நின்றது. வீடியோ மட்டும் பழையபடியே நொண்டியது. ஒருநாள் தற்செயலாக, பழைய கேமராவில் எடுத்த ஒரு கிளிப்பையும் போனில் எடுத்ததையும் ஒரே டைம்லைனில் வைத்தேன். ஒரே நீளம், ஆனால் கேமரா கோப்பு நாலு மடங்கு பெரிது. அது வழுக்கிக்கொண்டு ஓடியது. சின்னக் கோப்பு வந்ததும் திக்கல். அத்தனை நாளும் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஒருமுறைகூடக் கோப்பைச் சந்தேகப்படவில்லை.

போன்கள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிகின்றன. இவை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. பழைய கணக்குப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் விவரம் முழுதும் இருக்கும். அடுத்தடுத்த வரிகளில் "மேற்படி, மேற்படி" என்று போட்டு (தமிழில் இதற்கு ௸ என்று தனிக் குறியே உண்டு), மாறியதை மட்டும் எழுதியிருப்பார்கள். இடம் மிச்சம்தான். ஆனால் 57ஆவது வரியில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், முழுதாக எழுதிய வரிவரை மேலே போய், அங்கிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு இறங்க வேண்டும். போதாததற்குச் சில வரிகள் "கீழே வரப்போவதையும் பார்த்துக்கொள்" என்று வேறு சொல்லும்.

பிளேயருக்கு இதில் சிரமமில்லை. மேலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது, கொஞ்சம் முன்கூட்டியே படித்தும் வைத்துக்கொள்கிறது. எடிட்டரில் நாம் சும்மா இருக்கிறோமா? நடுவில் குதிக்கிறோம், பின்னால் இழுக்கிறோம், மூன்று விநாடிக்கு ஒரு வெட்டு போடுகிறோம், மேலே இன்னொரு வீடியோவை ஏற்றுகிறோம். ஒவ்வொரு வெட்டிலும் அது மேற்படியைத் தேடி ஓட வேண்டும். அதற்குக் கிடைக்கிற நேரமோ, 30 ஃபிரேம் வீடியோவில் படத்துக்கு 33 மில்லி விநாடி, 60 ஃபிரேம் என்றால் 17கூட இல்லை. விரித்த பிறகு ஒரு 4கே படம் சுமார் 25 எம்பி. விநாடிக்கு 30 படம் என்றால் கிட்டத்தட்ட 750 எம்பி. சின்னக் கோப்பு என்று நாம் நினைப்பது உள்ளே இவ்வளவு பெரிதாக விரிகிறது.

இனி சோதனை. எடிட்டரில் பிளேபேக் ரெசல்யூஷனை (ஓட்டிப் பார்க்கும் படத்தின் அளவை) நாலில் ஒரு பங்காக இறக்கி ஓட்டிப் பாருங்கள். சீரானால், உங்கள் எஃபெக்ட்டுகள்தான் கனம். இரைச்சல் நீக்கமும் ஆட்டம் சரிசெய்யும் எஃபெக்ட்டும் இந்த விஷயத்தில் பேர்போனவை, அவற்றைக் கடைசியில் போடுவது நல்லது. ரெசல்யூஷனை இறக்கியும் அதே திக்கல் என்றால், கோப்பை விரிப்பதிலேயே கணினி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் எச்.264, எச்.265 கோப்பை அனேகமாக முழு அளவில் விரித்த பிறகுதான் சுருக்கிக் காட்ட முடியும். விண்டோஸ் என்றால் அந்தச் சமயம் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வையுங்கள். அதில் ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) என்ற பக்கத்தில் வீடியோ டிகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். சிபியு 100 சதவீதத்தில் கிடக்க, அந்த வரைபடம் மட்டும் தரையோடு படுத்திருந்தால், வன்பொருள் டிகோட், அதாவது கோப்பை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சில்லே ஏற்றுக்கொள்வது, வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். எடிட்டரின் அமைப்புகளில் அது அணைந்திருக்கிறதா பாருங்கள்.

அணைந்திருக்காமலும் இப்படி ஆகலாம். டிகோட் செய்யும் பகுதிக்குச் சில வடிவங்கள் தெரியவே தெரியாது. 10 பிட் 4:2:2 என்று, நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துப் பதிகிற கேமராக்கள் இருக்கின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளால் அந்த 4:2:2ஐ டிகோட் செய்ய முடியாது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலோ, சிபியுவுடனே வரும் கிராபிக்ஸ் எச்.265 4:2:2ஐச் சமாளித்துவிடுகிறது. கார்டு வாங்க அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கி மாட்டிய பிறகும் அதே திக்கல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எரிச்சல் தனி.

உங்களுக்கு நான் சொல்லும் தீர்வு ப்ராக்ஸி. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. மூலக் கோப்பின் ஒரு எளிய நகலை எடிட்டர் செய்துகொள்ளும், நீங்கள் அதை வைத்து வெட்டுவீர்கள், ஏற்றுமதியின்போது மூலக் கோப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்றுமதிப் பக்கத்தில் ப்ராக்ஸியையே பயன்படுத்து என்கிற தேர்வு டிக் ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். இதில் முதல் தடவை நான் சொதப்பினேன். இடம் மிச்சமாகட்டும் என்று ப்ராக்ஸியையும் எச்.264இலேயே செய்தேன், அதாவது மறுபடியும் மேற்படிப் பேரேடு. ஓட்டம் கொஞ்சம் தேறியது, பின்னால் இழுக்கும்போது பழையபடி தடுமாறியது. ப்ராக்ஸியின் வடிவமாக ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி எடுங்கள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம். இடம் கொஞ்சம் பிடிக்கும். 1080 அளவில், 30 ஃபிரேமில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி மணிக்குச் சுமார் 20 ஜிபி. வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

போன் வீடியோவில் இன்னொரு குணமும் உண்டு. ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும். திரையைப் பதிவு செய்த கோப்புகளும் பல நேரம் அப்படித்தான். திக்கலோடு, போகப் போகச் சத்தமும் உதடும் பொருந்தாமல் போகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். மீடியா இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் வேகம் மாறுவதா நிலையானதா என்று போட்டிருக்கும். மாறுவது என்றால், எடிட்டருக்குள் கொண்டுவரும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கைத்தான் எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். ஆனால் 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த வீடியோவுக்கு விநாடிக்கு 12.5 எம்பிதான் தேவை, பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைத் தரும். மெமரி கார்டிலிருந்தோ கிளவுடோடு ஒத்திசையும் கோப்புறையிலிருந்தோ நேராக எடிட் செய்கிறீர்களா? அது வேறு கதை, முதலில் கணினிக்குள் நகலெடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் அது சூடு. அப்புறம் ஒரு விசித்திரமான காரணம், ஒலிச் சாதனம். நண்பர் ஒருவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார், கடைசியில் ப்ளூடூத் ஹெட்செட்டைத் துண்டித்ததும் எல்லாம் சரியானது. எடிட்டரின் ஒலி அமைப்பில் உள்ளீட்டை 'எதுவுமில்லை' என்று வைத்துப் பாருங்கள், அரை நிமிட வேலைதான்.

கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிய காட்சியில் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறதா? 24 ஃபிரேம் வீடியோவை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டும்போது ஒரு படம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையுமாக வரும், அந்த உதறல் அதனால். ஏற்றுமதி செய்த கோப்பிலும் அது இருந்தால் கணினிமேல் பழி போட முடியாது.

ப்ராக்ஸி போட்டும் அசையவில்லை என்றால், மீடியா இன்ஃபோ காட்டுகிற வீடியோ பகுதியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், சிபியு எந்த மாடல் என்பதையும் எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.