620 எங்கே, 0.31 எங்கே?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. மார்ச்சில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஜூனில் ஓர் ஆய்வகத்தில் எலும்புப் பரிசோதனைத் தொகுப்பு எடுத்தோம். கால்சியம் 9.4, சரியாம். சி.டி.எக்ஸ். என்ற எலும்புக் கரைவுக் குறியீடு மட்டும் 620 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பயந்துபோய், அங்கே சொன்ன கால்சியம் பவுடரை இரண்டு மாதம் கொடுத்தோம். ஆகஸ்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு வேறு ஆய்வகத்தில் பார்த்தபோது 0.31. வெறும் வயிற்றில் வரச் சொல்லவில்லை. பவுடர் வேலை செய்கிறதா? தொடர்ந்து வாங்கலாமா?

பதில்: முதலில் அலகைப் பாருங்கள். ஜூன் அறிக்கையில் பிகோகிராம், ஆகஸ்டு அறிக்கையில் நானோகிராம். ஆயிரம் பிகோகிராம் ஒரு நானோகிராம். ஆக 620 இறங்கியது 310க்கு, 0.31க்கு அல்ல.

அந்தப் பாதி இறக்கமும் பவுடரின் வேலை என்று சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய நகல்களின் மேல்மூலையில் மாதிரி எடுத்த நேரம் இருக்கிறது: முதலாவது காலை 7.20, இரண்டாவது மாலை 4.15. சி.டி.எக்ஸ். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கிவிடும்; சாப்பிட்டாலும் குறையும். மதியச் சாப்பாடு முடித்துப் போன அம்மாவுக்கு 310 வந்ததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு ஆய்வகமும் வேறு. இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது.

620 ஏன் தடித்திருந்தது? அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மேல்வரம்பு 573. பலரும் பயன்படுத்தும் ஒரு பரிசோதனை முறையில் அது மாதவிடாய் நிற்காத பெண்களுக்கான வரம்பு. நின்றவர்களுக்கு அதே முறையில் ஏறக்குறைய 1,000 வரை போகும். 67 வயதுப் பெண்ணின் அறிக்கையில் இளம்பெண்ணின் வரம்பைப் போட்டு, கையோடு பவுடரையும் விற்றிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

சி.டி.எக்ஸ். காட்டுவது எலும்பு கரையும் வேகத்தை. மதகில் ஓடும் நீரைப் பார்த்து ஏரியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியுமா? மிச்சத்தை அளப்பது டெக்ஸா ஸ்கேன் என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை. அதில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். இரத்தக் கால்சியம் 9.4 என்பதில் நிம்மதி கொள்ளவும் வேண்டாம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்தாவது அளவைச் சரிக்கட்டிவிடும். எலும்பு மெலிந்தவர்களுக்கும் அந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொகுப்பிலுள்ள சிறுநீர் என்.டி.எக்ஸ். அதே கரைவைச் சிறுநீரில் பார்ப்பது; அது நாளுக்கு நாள் இன்னும் அதிகமாக ஆடும். அதற்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் அரை வரியில் தாண்டிப் போன மணிக்கட்டுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முறிவு கூடும் மாதங்களில் இந்தக் குறியீடுகள் தாமாகவே ஏறி நிற்கும். ஜூன் எண்ணை நம்பாமலிருக்க அதுவும் ஒரு காரணம். அதைவிட முக்கியம், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இந்த வயதில் எலும்பு முறிந்திருக்கிறது. எந்த இரத்தப் பரிசோதனையையும்விடப் பலமான எச்சரிக்கை அது. பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தை டெக்ஸாவுக்குக் கொடுங்கள். வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டும் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் சி.டி.எக்ஸ். ஏறும்.

மருந்து தொடங்கச் சொன்னால், அப்போதுதான் சி.டி.எக்ஸ். உண்மையாகப் பயன்படும். தொடங்குமுன் ஒன்று, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொன்று. அதே ஆய்வகம், வெறும் வயிறு, காலை ஒரே நேரம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது சில கருவிகளில் எண்ணைப் பொய்யாக்கும்.

இரண்டாவது ஆய்வகம் வெறும் வயிற்றில் வரச் சொல்லவில்லை என்கிறீர்கள். ரசீதும் அறிக்கையும் வைத்துக்கொண்டு, கட்டணமில்லாமல் மறுபரிசோதனை செய்துதரும்படி எழுத்தில் கேளுங்கள். முன்பதிவுக் குறுஞ்செய்தியில் 'உணவுக் கட்டுப்பாடு இல்லை' என்று இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள்.