கோல் கம்பத்தடியில்: இடம் ஒன்று, ஆள் இரண்டு

கேள்வி: கால்பந்தில் முன்கள வீரர்கள் 35 வயதுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். இத்தாலியின் கோல்கீப்பர் பஃபோன் மட்டும் 45 வயது வரை எப்படி ஆடினார்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பஃபோன் மட்டும் அல்ல. அதே இத்தாலியின் டினோ சோஃப் 1982இல் உலகக் கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 40. நடுக்களத்தில் ஆடுபவர் ஓடும் தூரத்தில் பாதியளவுதான் கோல்கீப்பர் ஓடுகிறார். மூச்சு அவரைச் சீக்கிரம் கைவிடுவதில்லை. தேய்வது விரல், தோள், இடுப்பு எலும்பு. ஆனால் வயது ஏற ஏற அவருக்கு ஒரு லாபமும் உண்டு. பந்து எங்கே வரும் என்பது உதைப்பவனின் இடுப்புத் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். இளைஞன் பாய்ந்து பிடிக்கும் பந்தை மூத்தவர் நின்ற இடத்திலேயே மார்போடு அணைத்துக்கொள்வார். வேடிக்கை பார்ப்பவருக்கு அது சாதாரணப் பந்தாகத் தெரியும். எனக்கு அதுதான் உச்சக்கட்ட அழகு.

பஃபோன் சிறுவனாக இருந்தபோது நடுக்கள ஆட்டக்காரர். 1990 உலகக் கோப்பையில் கேமரூன் கீப்பர் தாமஸ் என்கோனோவைப் பார்த்து மனம் மாறியவர். பின்னாளில் தன் மகனுக்கு அவர் பெயரைச் சேர்த்து லூயி தாமஸ் என்று பெயர் வைத்தார். 1995 நவம்பர் 19 அன்று 17 வயதில் பார்மா அணிக்காக முதன்முதலாக இத்தாலிய லீகில் இறங்கினார். எதிரே ஏசி மிலான், அதில் ஜார்ஜ் வியா, ராபர்ட்டோ பாஜியோ என்று பேர்போன முன்கள வீரர்கள். ஆட்டம் 0-0. 2001இல் இத்தாலியின் யுவென்டஸ் அணி அவரை வாங்கியது, அதுவரை எந்தக் கீப்பருக்கும் தரப்படாத விலைக்கு. 2006 உலகக் கோப்பை முழுவதிலும் அவர் விட்ட கோல்கள் இரண்டே. ஒன்று சொந்த அணித் தோழர் தவறி அடித்தது, மற்றொன்று இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் சிடான் அடித்த பெனால்டி. எதிரணியில் எவரும் ஓடும் ஆட்டத்தில் அவரைத் தாண்டவில்லை!

கோப்பை வென்ற அதே கோடையில் யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. உலகின் எந்த அணியும் அவரை வாங்கத் தயாராக இருந்தது. அவர் போகவில்லை, சிறு ஊர் மைதானங்களில் போய் ஆடினார். 2015-16இல், 38 வயதில், 974 நிமிடங்கள் லீகில் ஒரு கோலும் விடாமல் நின்றார். இடையில் 25 வயதையொட்டி மனச்சோர்வில் விழுந்து, ஆட்டத்துக்கு இறங்கவே கால் நடுங்கிய காலமும் உண்டு. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மூன்று முறை தோற்றார், கோப்பை கிடைக்கவே இல்லை. தொடங்கிய பார்மாவுக்கே திரும்பி 2023இல் கையுறையைக் கழற்றினார். 45 வயது வரை ஆடியது உடம்பு மட்டும் அல்ல என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கேள்வி: புதுக் கையுறை இரண்டே மாதத்தில் பிடிப்பை இழந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: உள்ளங்கை லேட்டக்ஸ் காய்ந்தால் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் சிறிது நீர் தெளித்து ஈரமாக்குங்கள். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டிக்கொள்ளும்படி வைக்காதீர்கள். பயிற்சிக்குப் பழையது, ஆட்டத்துக்குப் புதியது. விழுந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றாமல் முஷ்டியை ஊன்றப் பழகுங்கள். பாதித் தேய்மானம் அங்கேதான்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஒரு பயிற்சி அணியில் இரண்டு ஆண்டுகளாக இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பர் அவனுக்கு நெருங்கிய நண்பன். போன வாரம் அந்தப் பையனுக்குத் தோள் இறங்கிவிட்டது. என் மகனுக்கு வாய்ப்பு வந்தது. வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. ‘அவன் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அம்மா. நான் கெட்டவனா?’ என்று கேட்கிறான். எனக்குப் பந்தாட்டம் தெரியாது. நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் மகன் கெட்டவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மற்ற பத்துப் பேருக்கும் கீப்பருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முன்கள வீரன் ஒருவனுக்கு இடம் இல்லை என்றால் அவனை ஓரத்தில் ஆடவிடலாம், கடைசி இருபது நிமிடம் இறக்கலாம். கீப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. இடம் ஒன்றே ஒன்று. அதில் நிற்பவன் அடிபட வேண்டும், சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது மோசமாகத் தவறு செய்ய வேண்டும். பெஞ்சில் இருப்பவன் வேறு எதற்காகக் காத்திருக்க முடியும்? அவன் தினமும் பயிற்சியில் புழுதியில் விழுந்து எழுவது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

கோவையில் ஓர் ஆலை அணியில் நான் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். முதல் நான்கு ஆண்டுகள் இரண்டாவது கீப்பர். டேபிள் டென்னிஸ் மட்டையின் ரப்பர் போல முள்முள்ளாக ரப்பர் ஒட்டிய பருத்திக் கையுறை ஒன்று வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகளில் அது தேயவே இல்லை. முதல் கீப்பர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தன் டிபன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி கொடுப்பவர். ஒருநாள் கார்னர் பந்துக்குத் தாவி விழுந்தவரின் கையை எதிரணிக்காரனின் பூட்ஸ் மிதித்துவிட்டது. மோதிர விரல் பின்புறமாகத் திரும்பியிருந்தது. எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். நானும் ஓடினேன். பாதி வழியில் என் கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் கையுறை மாட்டியிருந்தது. எப்போது மாட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வலைக்குப் பின்னால் நின்றார். ‘இடது பக்கம் ஓர் எட்டு வை, தம்பி’ என்று ஆட்டம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கையுறை விஷயத்தைப் பல ஆண்டுகள் கழித்து, அவர் மகள் திருமணத்தன்று, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், ‘எனக்கு முந்தியவர் கணுக்கால் பிசகி விழுந்தபோது நான் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன்’ என்றார். பிறகு ரசத்துக்குச் சோறு கேட்டார்.

மேலே பஃபோனைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் அவர் இறங்கியது பார்மாவின் முதல் கீப்பர் லூகா புச்சி காயம்பட்டதால். 1997 அக்டோபரில் மாஸ்கோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஜான்லூக்கா பாலியூகா அடிபட்டு வெளியேற, 19 வயதில் இத்தாலிக்காக முதன்முறை உள்ளே போனார். 2000 ஐரோப்பியக் கோப்பைக்குச் சில நாள் முன்பு பஃபோனின் கை முறிந்தது. இப்போது ஃபிரான்செஸ்கோ டோல்டோவின் முறை. ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துக்கு எதிரான அரையிறுதியில் டோல்டோ ஆட்டத்தின் நடுவே ஒரு பெனால்டியையும், இறுதி பெனால்டி சுற்றில் இரண்டையும் தடுத்தார். ஒரு கீப்பர் ஒரே நாளில் அதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? இரண்டு ஆண்டு கழித்து உலகக் கோப்பை வந்தபோது பஃபோன் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். டோல்டோ பெஞ்சுக்குத் திரும்பியிருந்தார்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் பிறந்து, குன்னூர் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்திருக்கக்கூடும். ஆறடிக்கு மேல் உயரம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, பிரத்யுத் பர்மன் கோல் காத்து இந்தியாவை இறுதிவரை கொண்டுவந்தார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் திரும்பினார். பர்மன் வெளியே அமர்ந்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அந்த 90 நிமிடம் பர்மன் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்று நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மகனிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நொடி பொங்கிய சந்தோஷத்துக்கு அவன் பொறுப்பாளி அல்ல. அடுத்து என்ன செய்கிறான் என்பதற்குத்தான் பொறுப்பாளி. அந்தப் பையனைப் பார்க்க அவனை அனுப்புங்கள். தனியாகப் போகட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம். மனதில் இருப்பதை இப்போதே கொட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எனக்கே பல ஆண்டுகள் ஆயின. ஒன்றை மட்டும் அவன் நண்பனிடம் சொல்லட்டும்: இறங்கிய தோள் அவசரப்பட்டால் மறுபடி இறங்கும், மருத்துவர் சொல்லும் மாதங்கள் முடியாமல் பயிற்சிக்கு வரக் கூடாது. இந்த இடத்தை ஒரு நாள் திருப்பிக் கேட்கப் போகிறவனிடம் அதைச் சொல்வது சுலபம் அல்ல. சொல்லட்டும்.

பேச்சு வரவில்லை என்றால், அடுத்த ஆட்டத்தில் எதிரே வரும் முன்கள வீரன் எந்தக் காலால் உதைப்பான் என்று கேட்கட்டும். இரண்டு ஆண்டுகள் அங்கே நின்றவனுக்கு அது தெரிந்திருக்கும்.