இனோவே பலூனா, இரட்டை பலூனா?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ளது) சுருங்கி, திறப்பு 0.9 சதுர செ.மீ. என்று எக்கோவில் வந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் இனோவே பலூன் என்கிறார்கள், இன்னொன்றில் இரட்டை பலூன். இரண்டாவது பழைய முறை என்கிறார் எங்களுக்கு இடம் பார்த்துத் தரும் ஏற்பாட்டாளர். எது நல்லது?

பதில்: ஏற்பாட்டாளரை முதலில் விலக்குங்கள். எந்த பலூன் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரல்ல.

வால்வு இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டதுதான் சிக்கல். குழாய் வழியே வால்வுக்குள் விட்டு உப்ப வைக்கும் எந்த பலூனானாலும் அந்த ஒட்டைப் பிரிக்கத்தான் போகிறது. கடைசியில் கிடைக்கும் திறப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இரட்டை பலூனில் இரண்டு கம்பிகளை இடது கீழறை வரை செலுத்த வேண்டும். பலூன் வழுக்கினால் கம்பி நுனி இதயச் சுவரைத் துளைத்துவிடலாம், நேரமும் கூடும். 1984இல் ஜப்பானிய மருத்துவர் இனோவே வெளியிட்ட பலூன் முன்பாதி முதலில் உப்பி வால்வைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பின்பாதி உப்பும், கடைசியில் பலூனின் இடுப்பு, அதாவது நடுப்பகுதி. அதனால் வழுக்காது, கீழறையில் கம்பியும் வேண்டாம். பெரும்பாலோர் இதையே விரும்புவது இதனால்தான். ஆனாலும் இரட்டை பலூனிலேயே கைபழகியவரிடம் அதையே செய்துகொள்ளுங்கள்.

பலூனை எவ்வளவு விட்டத்துக்கு உப்ப வைக்கிறார்கள் என்ற அளவுதான் முக்கியம். உயரத்தை (செ.மீ.) பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் உச்ச அளவு வரும்: 154 செ.மீ. என்றால் 25.4 மி.மீ. முதல் விரிப்பு அதைவிட 2 முதல் 4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். எக்கோவில் கசிவு (வால்வு வழியே இரத்தம் பின்னோக்கி வருவது) பார்த்து, 1 மி.மீ.யாக ஏற்றுவார்கள். கசிவு கூடினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போனால் ஒட்டு பிரியாமல் இதழே கிழியலாம். பிறகு அவசர அறுவைதான்.

இனி, யாரும் உங்களிடம் சொல்லாத விஷயம். இடது மேலறையின் பை போன்ற மூலையில் இரத்தக் கட்டி இருந்தால் இப்போது பலூன் கூடாது. குழாய் பட்டுக் கட்டி நகர்ந்தால் பக்கவாதம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோ அந்த மூலையைச் சரியாகக் காட்டாது. உணவுக்குழாய் வழி எக்கோ வேண்டும். இதயத் துடிப்பு சீராக இருந்தாலும் வேண்டும். கட்டி அந்த மூலையில் இருந்து, அவசரமும் இல்லையென்றால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்து, உறையும் வேகத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவான ஐஎன்ஆரை 2க்கும் 3க்கும் இடையில் வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இந்த இரத்தப் பரிசோதனை வேண்டாத புதுவகை மாத்திரைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வால்வு நோய்க்கு வார்ஃபரின் வகையே. கட்டி மேலறையின் நடுவில் மிதந்தாலோ, இதயத் தடுப்புச் சுவரில் ஒட்டியிருந்தாலோ காத்திருப்பதில் பயனில்லை, அறுவைக்குப் போக வேண்டும். இவ்வளவு முக்கியமான உணவுக்குழாய் வழி எக்கோவைக் கட்டணத் தொகுப்பில் சேர்க்காமல், கேட்டால் மட்டும் தனி ரசீது போடும் நிர்வாகங்களை என்ன சொல்வது?

எக்கோ அறிக்கையில் "கடுமையான சுருக்கம்" என்ற ஒரு வரி போதாது. வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு எக்கோ பார்த்துப் போடும் வில்கின்ஸ் மதிப்பெண்ணைக் கேளுங்கள். மொத்தம் 16, 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பலூனுக்கு ஏற்ற வால்வு. ஒட்டின் இரு ஓரத்திலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, ஏற்கனவே கசிவு எவ்வளவு என்பதும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் தாளோடு திரும்பாதீர்கள். எக்கோ வீடியோ பதிவைக் கேட்டு வாங்கி, பலூன் செய்யப்போகும் மருத்துவரிடமே காட்டுங்கள்.