வாளியும் அணிலும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பகோணத்தில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சித்திரை பிறந்ததிலிருந்து பால்கனியில் கம்பும் நொய்யும் வைக்கிறேன். தண்ணீர் தீர்ந்துவிடக்கூடாது என்று பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி, பாதிக்குமேல் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டு நாளுக்குக் கவலை இல்லை. மைனா, தவிட்டுப்புறா, காக்கை எல்லாம் வருகின்றன. தலை கறுப்பாக, வாலுக்கு அடியில் சிவப்பாக ஒரு ஜோடிக் குருவியும் வருகிறது. பெயர் தெரியவில்லை. இவற்றைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பதுதான் என் நாளிலேயே நல்ல நேரம்.

தொல்லை அணிலால்தான். தீனியைக் குருவிகளுக்கு விடுவதில்லை. கால்மிதியைப் பிய்த்து, தேங்காய் நாரை வாயில் கவ்விக்கொண்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் ஓடுகிறது. பிஸ்கட்டும் மிக்சரும் கொடுத்துப் பழக்கினேன், இப்போது கையிலிருந்தே வாங்கித் தின்கிறது. ஆனாலும் கம்பை விடவில்லை. அணில் வராதபடி வலை அடித்துவிடலாமா? புறா வீட்டுக்கு வந்தால் ஆகாது என்று என் மாமியார் சொல்கிறார். அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் வெண்ணாற்றுப் பாலத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். மணி பத்துகூட ஆகவில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அலகு பிளந்திருந்தது, தொண்டை படபடவென்று துடித்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பறவைக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். அப்படித் தள்ளுகிற ஒவ்வொரு மூச்சோடும் உடம்பிலிருக்கிற ஈரமும் போகும். பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். கரைக்குக் கரை மணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான். ஒரு காக்கை வாய் நனைக்கக்கூட ஈரமில்லை. அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த ஜோடி கொண்டைக்குருவி. சின்னான் என்றும் சொல்வார்கள். மாமியார் சொல்லும் சகுனத்தை நான் நம்பவில்லை. மாடப்புறாக்கள் கூட்டமாக வந்து அடைந்தால், காய்ந்த எச்சத்தின் தூசியைத் தினமும் மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல், அது உண்மை. நனைத்துக் கழுவுங்கள், உலர்வாகப் பெருக்காதீர்கள். உங்களிடம் வருவது தவிட்டுப்புறா. அது பாட்டுக்கு வந்து போகட்டும். அது தண்ணீர் குடிக்கும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். மைனாவும் குருவியும் ஒரு வாய் முகந்து, தலையை அண்ணாந்து விழுங்கும். புறா வகைதான் குனிந்த தலை நிமிராமல், மாடு குடிக்கிற மாதிரி உறிஞ்சிக் குடிக்கும்.

பிஸ்கட்டையும் மிக்சரையும் இன்றோடு நிறுத்துங்கள். உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் அந்தச் சின்ன உடம்புக்கு எதற்கு? கையில் வாங்கித் தின்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்துக் கோபம்தான் வந்தது. மனுஷக் கையைப் பார்த்தால் ஓட வேண்டும் என்கிற பயம் அதன் உயிரைக் காக்கிற பயம். உங்கள் கை நல்ல கை. அடுத்த வீட்டுப் பையனின் கை எப்படிப்பட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை, மாம்பழத் தோல் எதையாவது ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதும் பார்ப்பதுதான்.

வலை வேண்டாம். நீங்களே காரணத்தையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைப் படிக்கவில்லை. நார் உருவிக்கொண்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் ஓடுகிறது என்றால் அங்கே கூடு கட்டுகிறது. தாய் அணில் அது. நார், பஞ்சு, துணிக்கிழிசல் என்று கிடைத்ததையெல்லாம் சுருட்டிப் பந்து மாதிரி கட்டும். கண் திறக்காத குட்டிகள் இரண்டு மூன்று இந்நேரம் உள்ளே இருக்கலாம். வலை அடித்தால் தாய் வெளியே, குட்டிகள் உள்ளே.

இனி அந்த வாளி.

போகிற போக்கில் எழுதிய அந்த வரியை மூன்று முறை படித்தேன். நீங்கள் நல்ல மனசோடுதான் வைத்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் வைக்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். நம்மில் முக்கால்வாசிப் பேர் தானியத்தைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுகிறோம். ஆனால் நம் பக்கத்தில் கோடையில் பறவைக்கு அவசரமாக வேண்டியது தானியம் இல்லை, தண்ணீர்தான். இதைப் பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்.

சம்பா அறுப்பு முடிந்து, அதே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பிடுங்கி முடிக்கும்வரை வயலில் ஏதாவது சிதறிக்கொண்டேதான் இருக்கும். பூச்சியும் உண்டு. தண்ணீர் அப்படி இல்லை. மற்ற ஊர்களில் கோடை என்றால் வெயில். நமக்குக் கோடை என்றால் மேட்டூர் அணை மூடியிருக்கிற காலம். ஜனவரி 28-இல் மூடுவது, ஜூன் 12-இல் திறப்பது என்பது கணக்கு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலைக் கடைசி வரை காத்துக் கிடந்தோம். எப்படியானாலும் சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல்தான். காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாமே அப்படித்தான். உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊரில் ஒரு கொண்டைக்குருவி மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து பெயிண்ட் வாளியில் குடிக்கிறது. பழமும் பூச்சியும் தின்கிற குருவி அது. உங்கள் கம்புக்காகவா மாடி ஏறி வந்தது?

முன்பும் அணை மூடத்தான் செய்தார்கள். ஆனாலும் தண்ணீர் அங்கங்கே இருந்தது. ஆற்று மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றுவார்கள். அவர்கள் கரையேறியதும் மைனாக்கள் இறங்கும். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் மட்டமே இறங்கிவிட்டது, ஊற்றும் போய்விட்டது. கொல்லையில் கிணற்றடி இருந்தது. பத்துப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் சின்ன வாய்க்காலாக வாழையடிக்குப் போகும். மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி இருந்தது. பறவைக்கு என்று யாரும் தனியாக எதையும் வைக்கவில்லை, ஆனால் அது குடிக்கிற உயரத்தில், அது குடிக்கிற ஆழத்தில் தண்ணீர் கிடந்தது. இன்று குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் குழாய்க்குள்ளேயே போய்க் குழாய்க்குள்ளேயே மறைகின்றன. ஒரு சொட்டு வெளிச்சத்துக்கு வருவதில்லை. வாசல் முழுக்க சிமெண்டு.

நம் பக்கத்துப் பறவைச் சரணாலயங்களான வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது நிறையப் பேர் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏரிகளும் மேட்டூர்த் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பித்தான் நிறைகின்றன. அங்கே பெரிய கூட்டம் சேர்வது மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான். மே மாதத்தில் தாகம் எடுத்த தெருக்குருவி வடுவூருக்குப் பறந்து போகாது. அதற்குத் தெருவிலேயே வேண்டும்.

சரி, வாளிக்கு வருகிறேன்.

என் அப்பாயி வீடு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், குடமுருட்டிக் கரையில். கிணற்றடியில் மாடு குடிக்க ஒரு கருங்கல் தொட்டி உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயசு, தொட்டி என் நெஞ்சளவு இருக்கும். அதில் எப்போதும் ஒரு மூங்கில் கழி சாய்ந்து கிடக்கும். ஒரு முனை தொட்டியின் அடியில் ஊன்றியிருக்கும், மறுமுனை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புண்ணாக்குக் கரைக்கிற கழி என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அணில்கள் வரும். தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்தக் கழியில் தலைகீழாக இறங்கும். கணுவுக்குக் கணு நின்று நின்று இறங்கும். பின்னங்கால் நகம் இரண்டும் மூங்கிலைப் பற்றியிருக்க, உடம்பை நீட்டி, மூக்கு நுனி தண்ணீரில் படுகிற வரை போகும். வால் மட்டும் மேலே விறைத்து நிற்கும். குடித்து முடித்ததும் அப்படியே திரும்பி ஓடி வந்துவிடும்.

ஒரு சித்திரை மாதத்தில் மாங்காய் அடிக்க எனக்குக் கழி வேண்டியிருந்தது. உருவிக்கொண்டு போனேன். நாலு காய் விழுந்தது. கழியை மரத்தடியிலேயே போட்டுவிட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தேடிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் பல் விளக்கப் போனபோது தொட்டியில் அணில் மிதந்தது. ஈரத்தில் வால் நூல் மாதிரி மெலிந்து போயிருந்தது. தொட்டியின் உள்சுவரில் பச்சையாகப் பாசி படிந்திருக்கும். அந்தப் பாசியில், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நகம் கீறிய கோடுகள். மெல்லிய கோடுகள், நாலு நாலாக. நான் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தன.

அப்பாயி வந்து பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அணிலைக் கையால் எடுத்து வாழையடியில் குழி தோண்டிப் போட்டாள். அப்புறம் மாமரத்தடிக்குப் போய்க் கழியைத் தேடிக் கொண்டுவந்து தொட்டியில் சாய்த்தாள். "கழிய எடுத்தா எடுத்த எடத்துல வச்சிரணும் பாப்பா" என்றாள். அந்தக் கழி எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது என் வயசு ஐம்பத்தெட்டு. இன்னும் எந்த வீட்டுக்குப் போனாலும் மொட்டைமாடியில், கொல்லையில் தண்ணீர் நிற்கிற பாத்திரம் எதைப் பார்த்தாலும் உள்ளே குச்சி இருக்கிறதா என்றுதான் என் கண் போகிறது. அந்தக் கருங்கல் சுவரிலாவது பாசியைக் கீற முடிந்தது. உங்கள் பெயிண்ட் வாளி வழவழப்பான பிளாஸ்டிக். உள்பக்கம் ஒரு கோடுகூட விழாது. பாதிக்குமேல் இருக்கிற தண்ணீரை இரண்டு நாளில் காக்கையும் மைனாவும் குடித்து, வெயில் கொஞ்சம் குடித்து, மட்டம் இறங்கியதும் குடிக்க எட்டாது. எட்டிக் குனிகிற குட்டி உள்ளே விழும். ஏசி பெட்டிக்குப் பின்னால் இருக்கிற குட்டிகள் சில வாரத்தில் கண் திறந்து, மயிர் முளைத்து, வெளியே வந்து தாய் போகிற இடமெல்லாம் போகும். அவற்றுக்கு விளிம்பு தெரியாது, ஆழம் தெரியாது. தவிட்டுக்குருவிக் குஞ்சும் இப்படித்தான் விழும்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண்தட்டு கும்பகோணத்தில் கிடைக்காமல் இருக்காது. அகலமாக ஒன்று வாங்குங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு ஓட்டுத்துண்டோ கூழாங்கல்லோ போட்டால் சின்னக் குருவி அதில் நின்று குடிக்கும், குளிக்கும். உள்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் நகம் பிடிக்கும். நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் பத்து மணிக்கே வெந்நீர். தினமும் காலையில் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். கொசு வளராமல் இருக்க வாரத்துக்குள் ஒரு முறை மாற்றினாலே போதும், ஆனால் எச்சம் விழுந்த தண்ணீரைக் குடித்தால் பறவைக்கு நோய் வரும், அதனால் தினமும். கம்பு வைக்கிற நாளில் இது இன்னும் முக்கியம். காய்ந்த தானியம் தின்கிற புறாவுக்கும் சிட்டுக்கும் கூடுதல் தண்ணீர் வேண்டும்.

ஊருக்குப் போகிற நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எதிர்வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அணிலைப் பார்க்க வருகிறாயா என்று ஒரு குழந்தையைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லாது.

கடையிலிருந்து மண்தட்டு வருகிறவரை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்க்க மனசு வரவில்லை என்றால் துடைப்பக் கட்டையோ உடைந்த மரச்சட்டமோ எதையாவது அடிவரைக்கும் சாய்த்து வையுங்கள், தண்ணீரில் சறுக்கிவிடாமல் விளிம்போடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

குட்டிகள் வெளியே வந்ததும் எத்தனை என்று எழுதுங்கள். வாளியை எடுத்துவிட்டேன் என்று அதற்கு முன்னாலேயே ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா