ஒலிப்பதிவுக் கேள்வி-பதில்: 18 ரெசிஸ்டரில் ஒரு மிக்சர்

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து ஆடும் கலைஞர்களை என் வீட்டு அறையில் வைத்துப் பதிவு செய்து வருகிறேன். கணினியோடு இணைத்து ஒலியை உள்ளே வாங்கி வெளியே விடும், 8 அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. பாசிவ் சம்மிங் மிக்சரை, அதாவது பல தடங்களின் ஒலியை மின்சாரம் இல்லாமலே ஒன்றாகக் கூட்டும் பெட்டியை, நானே செய்துகொள்ள முடியுமா? கணினிக்குள் கலப்பதைவிட அது நன்றாக ஒலிக்குமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணினி கூட்டுவதில் கேட்கும்படியான தப்பு எதுவும் விடுவதில்லை. இன்றைய மென்பொருள்கள் 32 அல்லது 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் கணக்கில் கூட்டுகின்றன. அதில் விழும் பிழை எந்தக் காதுக்கும் எட்டாது. பாசிவ் பெட்டிக்குள் இருப்பதோ வெறும் ரெசிஸ்டர்கள். அவற்றுக்கென்று தனிக் குரல் கிடையாது. ஒலியின் நிறத்தை மாற்றுவது பெட்டிக்குப் பின்னால் நீங்கள் இணைக்கும் மைக் ப்ரீஆம்ப்தான், அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவிதான். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த நல்ல ப்ரீஆம்ப் கைவசம் இருந்து, அதைச் சற்று முறுக்கும்போது மத்தளத்தில் ஏறுகிற கனம் உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். இன்டர்ஃபேஸில் உள்ள ப்ரீஆம்பையே நம்பியிருப்பவர் என்றால், அந்த உழைப்பை அறைக்குக் கொடுங்கள். சிமென்ட் சுவரில் மோதித் திரும்பும் முகவீணை என்ற ஊதுகருவியின் கூர்மையை எந்த மிக்சரும் தணிக்காது. கலைஞருக்குப் பின்னால் இரண்டு பஞ்சு மெத்தைகளை நிறுத்தினால் தணியும்.

இனி செய்முறை. 1, 3, 5, 7 இடது பக்கம். 2, 4, 6, 8 வலது பக்கம். ஒவ்வொரு அவுட்புட்டிலும் ஹாட் (hot), கோல்டு (cold) என்று இரண்டு கம்பிகள் வரும். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இடது பக்கத்து நான்கு ஹாட்களையும் ரெசிஸ்டருக்கு அப்பால் ஒன்றாகச் சேருங்கள். நான்கு கோல்டுகளையும் அப்படியே. சேர்ந்த இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு 200 ஓம். அங்கிருந்து மைக் கேபிளில் வரும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் ஆண் சாக்கெட்டின் 2, 3 ஆம் பின்களுக்கு. ஷீல்டு (கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறை) எல்லாம் 1 ஆம் பின்னுக்கும் பெட்டியின் உடலுக்கும். வலது பக்கமும் இதேதான். ஆக 16 ரெசிஸ்டர்களும் குறுக்கே 2 ரெசிஸ்டர்களும்.

மைக் ப்ரீஆம்ப்கள் 150, 200 ஓம் அளவிலான மைக்கை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் குறுக்கே 200 ஓம். இந்த அமைப்பில் சுமார் 40 டெசிபல் இழப்பு உண்டு. மிரள வேண்டாம், அதை மீட்பதுதான் ப்ரீஆம்பின் வேலை. ஆனால் அத்தனை கெயின் (பெருக்கம்) கொடுக்கும்போது உங்கள் ப்ரீஆம்ப் இரைந்தால், 10 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 கிலோ ஓம் போடுங்கள். இழப்பு 34 டெசிபலுக்கு இறங்கிவிடும்.

ரெசிஸ்டர் 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். 10 கிலோ ஓமுக்குப் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட்டால் ஐம்பதாக வாங்கிவருவார்கள். மதியச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. காசு போவது சாக்கெட்டுகளுக்கும் அலுமினியப் பெட்டிக்கும்தான். வாங்கியதும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து தாளில் குத்தி வையுங்கள். 9.98 காட்டுவது இரண்டு கிடைத்தால் அவை ஒரே சேனலின் ஹாட்டுக்கும் கோல்டுக்கும் போகட்டும். ஒரு சதவீத வேறுபாட்டால் ஒலியளவு மாறுவது 0.1 டெசிபலுக்கும் கீழே. அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஜோடி சேர்ப்பது வெளியிலிருந்து நுழையும் ஹம்மை (மின்கம்பிகளால் வரும் ரீங்காரத்தை) அடக்குவதற்காக.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பெட்டியை இணைக்கும் முன் ப்ரீஆம்பில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரத்தை) அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அந்த மின்சாரம் ரெசிஸ்டர்கள் வழியே பின்னோக்கி ஓடி இன்டர்ஃபேஸின் அவுட்புட்டுகளுக்குப் போய்ச் சேரும். ப்ரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்குத் திரும்பி வரும் ஒலியை மென்பொருளில் மறுபடி அதே 8 அவுட்புட்டுகளுக்கு அனுப்பாதீர்கள். வட்டமாகச் சுற்றி ஊளையிடும். 8 அவுட்புட்டுகளும் பெட்டிக்குப் போய்விட்டால் ஸ்பீக்கருக்கு எது என்பதையும் இப்போதே யோசியுங்கள். தனி ஹெட்போன் அவுட்புட் இல்லையென்றால் 6 சேனலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதே மாதிரிப் பெட்டி செய்துவிட்டேன். விடாமல் ஹம் வருகிறது. ஒரு சேனலைக் கழற்றினால் மற்றவற்றின் அளவும் மாறுமா?
- வாசகர், ஆரணி

பதில்: முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் பெட்டி மேல் குற்றமில்லை, எர்த் சுற்றுதான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவது) காரணம். எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விட்ச் பலகையிலிருந்து எடுங்கள். நம் பகுதியில் சில வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதியுங்கள். ஹம் போகிறது என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் மேடைக்காரர்கள் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், மைக்கைப் பிடிப்பவர் உயிர் சம்பந்தப்பட்டது. சார்ஜரைக் கழற்றியும் ஹம் நிற்கவில்லையென்றால் பெட்டியின் மூடி உடலோடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பெயின்ட் பூசிய மூடி தொடர்பைத் தடுத்துவிடும்.

சேனலைக் கழற்றினால் அளவு மாறும், ஆனால் குறுக்கே 200 ஓம் இருப்பதால் ஒரு டெசிபலில் சிறு பகுதிதான். கலவைக்கு நடுவே கழற்றாமல் இருந்தால் போதும்.

கேள்வி: இரண்டு அவுட்புட்டுகளை ஒரு ஒய் கேபிளில் சேர்த்துவிட்டால் ரெசிஸ்டரே தேவையில்லையே?
- வாசகர், இராணிப்பேட்டை

பதில்: ஒய் கேபிள் ஒரு அவுட்புட்டை இரண்டு இடத்துக்குப் பிரிக்க உதவும். இரண்டு அவுட்புட்டுகளை அதில் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கும். ஒலி கரகரக்கும், அவுட்புட் சர்க்யூட் சூடேறும். ஒவ்வொரு கம்பியிலும் ரெசிஸ்டரைப் போட்டே சேருங்கள்.