சுல்ஃபியா அரசாங்கக் கவிஞரா?

வணக்கம் ஐயா,

சென்ற கட்டுரையில் உஸ்பெக் கவிஞர் சுல்ஃபியாவை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனீர்கள். தேடிப் பார்த்தேன். சோவியத் விருதுகள், பதவிகள், அப்புறம் இறந்த கணவரை ஐம்பது வருடம் நினைத்து அழுதவர் என்ற புகழ்மாலை. இவ்வளவுதானா? ஓர் அரசாங்கக் கவிஞரை இன்று நாம் ஏன் படிக்க வேண்டும்?

– மீ., திருச்சி

அன்புள்ள மீ.,

அரசாங்கக் கவிஞர்தான், மறைக்க ஒன்றுமில்லை. 1984ல் 'சோஷலிச உழைப்பு வீரர்' பட்டம் வரை வாங்கியவர். கட்சியையும் உழைப்பையும் போற்றும் கவிதைகள் அவரிடம் உண்டு. நான் அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டேன்.

ஆனால் அவர் எழுத வந்த காலத்தைப் பாருங்கள். 1915ல் தாஷ்கண்டில் ஓர் உலோக வார்ப்புத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1927ல், பெண்களின் முகத்திரையைக் களையும் 'ஹுஜும்' இயக்கத்தை சோவியத் அரசு தொடங்கியது. பெண்கள் பரஞ்சியை, அதாவது உடல் முழுதும் மூடும் அங்கியை, பொது இடத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். திரை நீக்கிய பலரை வீட்டு ஆண்களே கொன்றார்கள். நுர்ஹோன் என்ற நடனக் கலைஞரை 1929ல் கொன்றது கூடப் பிறந்தவன். அடுத்த மூன்றே வருடத்தில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சொந்தப் பெயரில் 'வாழ்க்கையின் பக்கங்கள்' என்று கவிதைத் தொகுப்பு போடுகிறாள்.

1938 அக்டோபர் 4 அன்று, ஸ்டாலினின் களையெடுப்பில், சோல்போன், காதிரி, ஃபித்ரத் என்ற மூன்று பெரிய உஸ்பெக் எழுத்தாளர்களையும் சுட்டுக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்கள் எழுதியதை அந்த பயத்தை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. சுல்ஃபியாவின் கணவர், கவிஞர் ஹமீத் ஒலிம்ஜோன், மறுவருடமே எழுத்தாளர் சங்கத் தலைவரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அழுகைக்கு வருவோம். ஹமீதுக்கு 'ஆப்ரிகாட் பூத்தபோது' என்று ஒரு கவிதை உண்டு. ஜன்னலுக்கு வெளியே மரம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் "எனக்கு அதிர்ஷ்டம் உண்டா?" என்று கேட்கிறார். "உண்டு" என்று காற்று முகத்தைத் தடவிச் சொல்கிறது, பறவைகளும் சொல்கின்றன. 1944 ஜூலையில் கார் விபத்தில் அவர் இறந்துபோனார். சுல்ஃபியாவுக்கு அப்போது 29 வயது, இரண்டு குழந்தைகள்.

அதன்பின் அவர் எழுதியதுதான் 'வசந்தம் வந்தது உன்னைக் கேட்டுக்கொண்டு'. இப்போது கேள்வி கேட்பது காற்று. அந்தப் பாடகன் எங்கே, உனக்கு ஏன் கறுப்பு உடை, தலையில் ஏன் நரை என்று இவளிடம் கேட்கிறது. இவளுக்கு வாய் வரவில்லை. காற்றின் முந்தானையைப் பிடித்துக் கல்லறைக்கே கூட்டிப் போகிறாள். அந்தக் கல்லைக் காற்றாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கணவருக்குப் பதில் சொன்ன அதே காற்றைப் பதிலில்லாமல் நிற்க வைத்துவிட்டார் பாருங்கள், அதை வெறும் அழுகை என்று எப்படிச் சொல்வது? முடிவில், உன் வாத்தியம் என் கையில் இருக்கிறது, நான் இருக்கும்வரை நீயும் இருக்கிறாய் என்கிறார்.

அவரைப் 'பதிவிரதை'யாக்கி மாலை போட்டதில் எனக்கு எரிச்சல்தான். மறுமணம் செய்யாததைப் பேசுகிறவர்கள், 'சவோதத்' என்ற பெண்கள் இதழை 1953 முதல் முப்பது வருடத்துக்கும் மேல் அவர் நடத்தியதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். 1996ல் இறந்தார். 1999 முதல் அவர் பெயரில் இளம்பெண்களுக்கு அரசு விருது தருகிறார்கள். சோவியத் போய் உஸ்பெகிஸ்தான் தனிநாடாகியும் அரசாங்கம் அவரை விடவில்லை!

நம் பக்கமும் வந்திருக்கிறார். 1956 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய எழுத்தாளர் மாநாட்டுக்கு வந்துபோன அனுபவத்தில் பிறந்ததுதான் 'முஷோயிரா' என்ற கவிதை. உருதுக்காரர்களின் முஷாயிராவேதான், கவிஞர்கள் கூடிக் கவிதை படிக்கும் அரங்கம்.

எங்கே தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த இரண்டு வசந்தக் கவிதைகளையும் தேடி எடுத்து ஒரே மூச்சில் படியுங்கள். முதலில் ஹமீதுடையது, அப்புறம் சுல்ஃபியாவுடையது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.