பாத்ரூம் போக நோட்டு எதுக்கு சார்?

கேள்வி: ரெண்டு மாடி ஜவுளிக்கடை வச்சிருக்கேன், 34 பேர் வேலை பாக்குறாங்க. கடன், வாடகை, ஜிஎஸ்டி, தீபாவளி ஸ்டாக்னு ராத்திரி தூங்காம யோசிக்கிறவன் நான், ஆனா ஸ்ட்ரெஸ்ஸா இருக்குன்னு லீவு கேக்குறது ஸ்டாஃப். பாத்ரூம் போனாக்கூட நோட்டுல டைம் எழுதிட்டுப் போற அளவுக்கு கடையை ஒழுங்கா நடத்துறேன். நாளைக்கு யார் எந்த மாடி, எந்த ஷிஃப்ட்டுன்னு ராத்திரி 11 மணிக்குள்ள வாட்ஸப்புல போட்டுடுவேன். மனசை சந்தோஷமா வச்சுக்கறது எப்படின்னு ட்ரெய்னரைக் கூப்பிட்டு கிளாஸ்கூட எடுத்தாச்சு. பொறுப்பெல்லாம் என் தலைமேல, அவங்களுக்கு என்ன சார் ஸ்ட்ரெஸ்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: உங்களுக்குத் தூக்கம் வரலைங்கறதை நான் முழுசா நம்புறேன் சார். ஆனா "அவங்களுக்கு என்ன ஸ்ட்ரெஸ்"னு கேட்டீங்க பாருங்க, அது தப்பு, அதுக்கான பதில் உங்க லெட்டர்லயே இருக்கு.

நீங்க நினைக்கற மாதிரிதான் ஒரு காலத்துல விஞ்ஞானிகளும் நினைச்சாங்க. 1958ல அமெரிக்காவுல ஜோசப் பிராடிங்கறவர் குரங்குகளை ஜோடி ஜோடியா நாற்காலியில கட்டி உக்கார வச்சு ரெண்டுக்கும் ஒரே நேரத்துல ஷாக் குடுத்தார், ஒரு குரங்கு கைக்கு மட்டும் ஒரு லீவர், அது நேரத்துக்கு அமுக்கிட்டே இருந்தா ரெண்டுக்குமே ஷாக் வராது. லீவர் வச்சிருந்த குரங்குகளுக்குத்தான் அல்சர் வந்து செத்துப்போச்சு, சும்மா உக்காந்திருந்தது நல்லா இருந்துச்சு. "எக்ஸிக்யூட்டிவ் குரங்கு"ன்னு பேர் வச்சு உலகம் பூரா பேசினாங்க, முதலாளிக்குத்தான் டென்ஷன்ங்கற பேச்சுக்கு அது பெரிய பலமா போச்சு. அப்புறம் பாத்தா அதுல ஒரு ஓட்டை. எந்தக் குரங்கு வேகவேகமா லீவரை அமுக்குதோ அதையே பொறுக்கி எடுத்து எக்ஸிக்யூட்டிவ் ஆக்கியிருக்காங்க, அதாவது சுபாவத்துலயே படபடப்பானதா இருந்திருக்கலாம். ஜே வைஸ்ங்கறவர் அப்படிப் பொறுக்காம எலிகளை வச்சு செஞ்சு பாத்தார், முடிவு அப்படியே தலைகீழ். ஷாக்கை நிறுத்த வழி இருந்த எலிக்கு வயித்துப்புண் கம்மி, அதே அளவு ஷாக் வாங்கி ஒண்ணும் செய்ய முடியாம கிடந்த எலிக்குத்தான் அதிகம். (அல்சருக்குக் கிருமி ஒரு காரணம்னு பின்னாடி தெரிஞ்சது வேற விஷயம், இங்க ரெண்டு எலிக்கும் மத்ததெல்லாம் ஒண்ணுதான்.)

எலியும் மனுஷனும் ஒண்ணான்னு கேப்பீங்க. சரி, மனுஷங்களுக்கே வருவோம். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர்னு ரெண்டு பேர், 1972ல புத்தகமா போட்டாங்க. ஆளுங்களை ரூம்ல உக்கார வச்சு கணக்கு மாதிரி வேலை குடுத்துட்டு, மெஷின் சத்தமும் புரியாத பாஷைப் பேச்சும் கலந்து 108 டெசிபல்ல திடீர் திடீர்னு போட்டாங்க, காது கிழியற சத்தம் அது. சிலபேர் கிட்ட மட்டும் "இந்த ஸ்விட்சை அமுக்கினா சத்தம் நின்னுடும், ஆனா அமுக்காம இருந்தா எங்களுக்கு நல்லது"ன்னு சொல்லி வச்சாங்க. சத்தம் ஓடும்போது எல்லாருமே எப்படியோ பழகி வேலையைச் செஞ்சுட்டாங்க, அடி விழுந்தது சத்தம் நின்னதுக்கு அப்புறம். ஸ்விட்ச் இல்லாதவங்க அடுத்துக் குடுத்த புதிர்களைச் சீக்கிரமே கைவிட்டாங்க, பிழை திருத்தச் சொன்னா நிறைய கோட்டை விட்டாங்க. ஸ்விட்ச் இருந்தவங்க விடாம முயற்சி பண்ணினாங்க, இத்தனைக்கும் அவங்க அந்த ஸ்விட்சைத் தொடவே இல்ல! சத்தம் ரெண்டு பேருக்கும் ஒரே சத்தம்தான் சார், "வேணும்னா நிறுத்திக்கலாம்"ங்கற நினைப்பு மட்டும்தான் வித்தியாசம்.

இப்ப அந்த நோட்டுக்கு வாங்க. ஒரு பொண்ணு பாத்ரூம் போகணும்னா கேஷ் கவுண்டர் வரைக்கும் நடந்து வந்து, சூப்பர்வைசர் முன்னாடி, கயித்துல கட்டின பேனாவை எடுத்து, 3.10னு எழுதி, திரும்பி வந்து 3.17னு எழுதணும். ஏழு நிமிஷம். அதை யாராவது பாப்பாங்கன்னு அவளுக்குத் தெரியும், அதனால தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்குவா. உங்க கடைக்கு நான் வந்ததில்ல, ஆனா இந்த மாதிரிக் கடையில நானே பாத்திருக்கேன், கஸ்டமர் ஒருத்தர்கூட இல்லாத மத்தியான நேரம், பக்கத்துல ஸ்டூல் காலியா கிடக்கு, அந்தப் பொண்ணு ஒரு கால்ல நிக்குது, கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த கால்ல நிக்குது, கண்ணு மட்டும் மாடிப்படி பக்கம் யாராவது வர்றாங்களான்னு பாத்துட்டே இருக்கு. உக்கார இடம் தரணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத் திருத்தம் வந்தாச்சு, ஸ்டூலும் வந்தாச்சு, உக்காரலாம்ங்கற தைரியம்தான் வரல.

வாட்ஸப் விஷயம் இன்னும் மோசம். அதே வைஸ் எலிகள்ல இன்னொண்ணும் பாத்தார், ஷாக் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஒலி குடுத்தா புண் வெகுவா கொறஞ்சுது, ஷாக் அளவு மாறவே இல்ல. எப்ப வரும்னு தெரிஞ்சா மிச்ச நேரம் நிம்மதியா இருக்கலாம் இல்லையா. நீங்க ராத்திரி 11க்கு ஷிஃப்ட் போட்டா அந்த 34 பேரும் 11 மணி வரைக்கும் போனையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, பசங்களை ஸ்கூலுக்கு யார் கூட்டிட்டுப் போறதுங்கறதுல இருந்து எதையும் முடிவு பண்ண முடியாது.

கடைசியா பொறுப்பு பத்தி. லண்டன்ல வைட்ஹால்னு மத்திய அரசு ஆபீஸ்கள் இருக்கற பகுதி, அங்க வேலை பாத்த 17,530 ஆம்பளைங்களை வருஷக்கணக்கா கவனிச்சு மைக்கேல் மார்மட்டும் கூட இருந்தவங்களும் 1978ல முடிவு போட்டாங்க. மாரடைப்பு மாதிரி இதயநோய்ல செத்தது அதிகாரிங்க அதிகமா, ஃபைல் தூக்கற கடைநிலை ஆளுங்க அதிகமான்னு பாத்தா, கடைநிலைல 3.6 மடங்கு அதிகம். சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாத்தையும் கணக்குல எடுத்தும் அந்த வித்தியாசத்துல ஒரு பங்குக்குத்தான் விளக்கம் கிடைச்சுது. 1985ல ஆரம்பிச்ச ரெண்டாவது ஆய்வுல, வேலையில தனக்குன்னு முடிவெடுக்க இடமே இல்லாதவங்களுக்கு இதயநோய் அதிகம்னு வந்துச்சு. சம்பளம், வீட்டு நிலைமை இதெல்லாமும் இதுல கலந்திருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா மேல இருக்கறவனுக்குத்தான் ஆபத்துங்கற பேச்சு மட்டும் அங்க நிக்கல.

உங்க கடன் பெருசுதான் சார். ஆனா எந்த மில்லுல வாங்கறது, எப்ப கடையை மூடறது, எப்ப எழுந்து டீ குடிக்கப் போறதுன்னு முடிவு உங்க கையில இருக்கு, அந்த ஸ்விட்ச் உங்க பாக்கெட்ல இருக்கு. அவங்ககிட்ட இல்ல. அதைக் குடுக்காம சந்தோஷ கிளாஸ் எடுத்தா, "தப்பு உங்க மனசுலதான்"னு சொல்ற மாதிரி ஆயிடும், அது அவங்களை இன்னும் நோகடிக்கும்.

நோட்டை இன்னிக்கே எடுத்துடுங்க. ஷிஃப்ட்டை ஞாயித்துக்கிழமையே ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் போடுங்க, மாத்திக்கணும்னா அவங்களுக்குள்ளயே பேசி மாத்திக்க விடுங்க. அப்புறம் மத்தியானம் கூட்டம் இல்லாதப்ப ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நீங்களே அவங்க பக்கத்துல உக்காருங்க, அப்பதான் அவங்களும் உக்காருவாங்க. தீபாவளி முடிஞ்சதும் லீவு கேக்கறது கொறஞ்சுதான்னு எனக்கு எழுதுங்க, கொறையலைன்னாலும் எழுதுங்க, ரெண்டுல எதுவானாலும் இதே பக்கத்துல போடறேன்.